தமிழ்நாட்டு வரலாற்றுத் தாள்: வினா கடினமா, திருத்தம் கடினமா?

டிசம்பர் 14, மாலை 6.10 (கோவில்பட்டித் தம்பியின் கேள்வி)

இன்று காலை எழுதிய முதுகலைத் தமிழ்நாட்டு வரலாற்றுத் தாள் எல்லோருக்கும் இப்படித்தான் இருந்ததா, எனக்கு மட்டுந்தானா? பத்து மதிப்பெண் வினாவுக்கு ஆறு பக்கத்துக்குக் குறைவாக எழுதியவர் எவரும் நல்ல மதிப்பெண் வாங்கியதில்லை என்று மூத்த மாணவர்கள் சொல்கிறார்கள். நான் ஒவ்வொன்றுக்கும் மூன்றரைப் பக்கந்தான் எழுதினேன். திருத்துகிறவர்கள் படிக்கிறார்களா, பக்கத்தை எண்ணுகிறார்களா?

டிசம்பர் 14, இரவு 9.40

தாள் கடினம் என்று சொல்ல மாட்டேன், நீளம் என்று சொல்வேன். பகுதி அ-வில் இரண்டு மதிப்பெண் வினாக்கள் பத்து, பகுதி ஆ-வில் ‘அல்லது’ போட்ட ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஐந்து, பகுதி இ-யில் பத்து மதிப்பெண் வினாக்கள் ஐந்தில் மூன்று. ஆகமொத்தம் 75 மதிப்பெண், மூன்று மணி நேரம். 180 நிமிடத்தை 75ஆல் வகுத்தால் மதிப்பெண் ஒன்றுக்கு 2.4 நிமிடம் வருகிறது. அதன்படி ஐந்து மதிப்பெண் வினாவுக்குப் பன்னிரண்டு நிமிடம், பத்துக்கு இருபத்து நான்கு. இந்தக் கணக்கை உள்ளங்கையில் எழுதாத குறையாக மனத்தில் இருத்திக்கொண்டுதான் தேர்வறைக்குள் போனேன். பதினோராவது வினாவில் ரயத்துவாரி முறை வந்ததும் கணக்கு கைவிட்டுப் போய்விட்டது.

நான் செங்கோட்டையில் பத்திரம் எழுதிப் பிழைப்பவன். இருபது ஆண்டுகளாகப் பட்டா எண்ணும் புல எண்ணும் எழுதி எழுதித் தேய்ந்த கை இது. ரயத்துவாரி என்று கண்டவுடன், 1792இல் பாரமகாலில் (இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக இருந்த தாமஸ் மன்றோவும் விவசாயியிடம் நேரடியாக வரி தண்டத் தொடங்கியதில் ஆரம்பித்து, 1802இன் நிரந்தரத் தீர்வை ஜமீன்களை உண்டாக்கியதைச் சொல்லி, 1820இல் மன்றோ சென்னை மாகாண ஆளுநராக வந்த பிறகு ரயத்துவாரி பரவலானதை விளக்கி, அங்கே நிறுத்தாமல் 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் வரை வந்து, இன்றைய கணினிச் சிட்டாவில் போய் முடித்தேன். ஏழு பக்கம், முப்பத்தைந்து நிமிடம். இதற்கு ஐந்துக்கு ஐந்து கிடைக்காவிட்டால் திருத்துநருக்குச் சொந்த நிலம் இல்லை என்றே நான் முடிவு கட்டுவேன்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: மூத்தவர்கள் சொன்னது சரி. பக்கத்தைத்தான் எண்ணுகிறார்கள்.

பத்து மதிப்பெண் வினாக்களில் நான் எடுத்தவை 1800-1801 தென்னிந்தியப் புரட்சி, நீதிக்கட்சி ஆட்சி, தமிழ்நாட்டு எல்லைகளின் உருவாக்கம் ஆகிய மூன்று. மருது சகோதரர்களின் திருச்சிப் பிரகடனத்தை 1801 ஜூன் 16 என்று நாளோடு எழுதினேன். எல்லை வினாவில் மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் உறுப்பினர்களான ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் மூவரையும் குறித்தேன். குறைத்துக் கணக்கிட்டாலும் 62 வரும்.

டிசம்பர் 14, இரவு 11.20

‘தமிழ்நாடு’ என்று பெயர் வைக்கக் கோரி உண்ணாநிலை இருந்த சங்கரலிங்கனார் பற்றிய இரண்டு மதிப்பெண் வினாவில் 76 நாள் உண்ணாநிலை என்பதை எழுதாமல் விட்டது படுத்த பிறகு நினைவுக்கு வந்தது. 1956 அக்டோபர் 13 அன்று உயிர் நீத்தார் என்பதை எழுதியிருக்கிறேன். 61.

டிசம்பர் 15, காலை

தம்பி அலைபேசியில் வாதாடுகிறார். எல்லை வினாவில் ‘விவரி’ என்றுதான் இருந்தது என்கிறார். ‘ஆய்க’ என்று இருந்தது என்கிறேன் நான். இது சொல் விளையாட்டன்று. ‘விவரி’ என்றால் நடந்ததை வரிசையாகச் சொன்னால் போதும். ‘ஆய்க’ என்றால் ஏன் அப்படி நடந்தது, வேறு விதமாக நடந்திருக்க வாய்ப்பு இருந்ததா, யார் என்ன வாதம் வைத்தார்கள் என்பதற்குள் போக வேண்டும். தமிழர் மிகுந்த தேவிகுளமும் பீர்மேடும் ஏன் கேரளத்தோடு நின்றன என்று நான் ஒன்றரைப் பக்கம் எழுதியதே ‘ஆய்க’ என்ற சொல்லை நம்பித்தான். வினாத்தாளை மாலையில் தேடி எடுக்கிறேன்.

டிசம்பர் 15, மாலை

பிழைத்திருத்தல் பத்திரம் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில், பதிவான பத்திரத்தில் புல எண்ணோ தகப்பனார் பெயரோ தவறாகிவிட்டால் பழைய பத்திரத்தில் ஒரு புள்ளியைக்கூட அடிக்க முடியாது. தவறு இன்னது, சரி இன்னது என்று தனியாக ஒரு பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். இங்கேயும் அப்படியே செய்கிறேன். மேலே உள்ளதை அழிக்க மாட்டேன்.

வினாத்தாளில் தமிழில் ‘விவரி’ என்றுதான் இருக்கிறது. தம்பி சொன்னதே சரி. ஆனால் நானும் கனவு காணவில்லை. அதே வினாவுக்குக் கீழே ஆங்கிலத்தில் ‘கிரிட்டிக்கலி எக்சாமின்’ என்று இருக்கிறது. இரண்டையும் படித்துவிட்டு, எது எந்த மொழியில் இருந்தது என்பதை மறந்து, பொருளை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு வேலையும் ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு வேறொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். இருவர் விடைத்தாளும் ஒருவர் மேசைக்கே போனால், அவர் எந்த வரியைப் பார்த்துத் திருத்துவார்? தென்காசிச் செவிலியர் சகோதரி ஆங்கில வழியில் எழுதியவர். அவரிடம் கேட்டபோது, தமிழ் வரியைப் பார்க்கவே இல்லை என்றார்.

இனி வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவேன்.

டிசம்பர் 17

புளியங்குடி டீச்சர் ஓர் ஐயத்தைக் கிளப்பியிருக்கிறார், அது எனக்கும் குடைச்சலாக இருக்கிறது. நீதிக்கட்சி ஆட்சியில் வந்த இந்து சமய அறநிலையச் சட்டத்துக்கு அவர் 1925 என்று எழுதினார், நான் 1926 என்று எழுதினேன், தம்பி 1927 என்று எழுதினார். மூவரில் யாருக்கு மதிப்பெண்?

பார்த்த வரையில் மூவருமே ஒரு விதத்தில் சரி. 1922இல் பனகல் அரசர் அமைச்சரவை முன்மொழிவைக் கொண்டுவந்தது; அது 1925இன் முதலாம் எண் சட்டமாக நடைமுறைக்கு வந்தது; அதன் செல்லுபடி குறித்து வழக்குகள் எழவே, 1926இல் புதிதாக நிறைவேற்றி, 1927இன் இரண்டாம் எண் சட்டமாக வெளியிட்டார்கள். ஒரு நிலம் கைமாறும்போது பேச்சு முடித்த நாள், பத்திரத்தில் கையொப்பமிட்ட நாள், பதிவான நாள், பட்டா மாறிய நாள் என்று நான்கு நாள்கள் இருப்பதைப் போலத்தான் இதுவும். ‘எப்போது வாங்கினீர்கள்’ என்று கேட்டால் நான்கில் எதைச் சொன்னாலும் பொய்யாகாது. ஆனால் விடைக்குறிப்பில் ஒரே ஓர் ஆண்டுதான் இருக்கும் என்று அஞ்சுகிறேன்.

அரசு வேலைகளைச் சாதி, சமய வாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணையும் இப்படித்தான். ஆணைகள் பிறந்தது 1921லும் 1922லும், நீதிக்கட்சி ஆட்சியில். ஆனால் அவை உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது அதற்குப் பிந்திய சுப்பராயன் அமைச்சரவையில், முத்தையா முதலியார் முயற்சியால். ஆகையால் ‘நீதிக்கட்சியின் சாதனை’ என்று எழுதியவரும் தவறில்லை, ‘சுப்பராயன் காலம்’ என்று எழுதியவரும் தவறில்லை. டீச்சர் இரண்டையும் எழுதி, 1951இல் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றதையும் அதே ஆண்டில் முதலாவது அரசியல் சட்டத் திருத்தம் வந்ததையும் சேர்த்து, ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒன்றரைப் பக்கத்தில் முடித்திருக்கிறார். தொடக்கப் பள்ளியில் கரும்பலகையில் எழுதிப் பழகியவர்களுக்கு இடம் போதாது என்ற உணர்வு எப்போதும் இருக்கும் போலும்.

டிசம்பர் 21

ஞாயிறு நேர்முக வகுப்பு. மதிய உணவுக்குப் பிறகு நால்வரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லை வினாவுக்கு எழுதியதை ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டினோம். முதலில் என்னுடையதைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் சிரித்தது அதற்குத்தான்.

பத்திரத்தில் சொத்து விவரம் எழுதும்போது நான்கெல்லை சொல்லியாக வேண்டும்: இன்னார் நிலத்துக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்கு மேற்கு, என்று. தமிழ்நாட்டின் எல்லைகள் உருவான விதத்தைக் கேட்டதும் கை தானாகவே அந்த வழியில் போய்விட்டது. கிழக்கே வங்கக் கடல், அதில் வாரிசுத் தகராறு இல்லை. வடக்கே, பொட்டி ஸ்ரீராமுலு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பர் 15 அன்று இறந்ததும், 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிரிந்ததும், சென்னை நகரம் யாருக்கு என்ற சச்சரவும், ம.பொ.சி. முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டமும், எல்லைத் தகராறுக்கு நடுவராக வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி திரும்பி வந்ததும். தெற்கே, திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசும் நேசமணியும், 1954 ஆகஸ்ட் 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூடும், 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் வந்து சேர்ந்ததும். மேற்கே, எங்கள் செங்கோட்டை வந்தது, தேவிகுளமும் பீர்மேடும் வராமல் போயின.

செங்கோட்டை வந்ததைத் தனிப் பத்தியாக எழுதினேன். என் மேசைக்கு வரும் பழைய மூலப்பத்திரங்களில் நாள் திருவிதாங்கூரில் வழங்கிய மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆங்கில ஆண்டுக்கு மாற்ற 824 அல்லது 825 கூட்ட வேண்டும், எது என்பது மாதத்தைப் பொறுத்தது. அந்தப் பழக்கத்தில் ‘கொல்லம் 1132இல் செங்கோட்டை சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது’ என்று விடைத்தாளில் எழுதிவிட்டேன் என்று சொன்னதும், செவிலியர் சகோதரிக்குத் தண்ணீர் புரையேறியது. திருத்துநர் வேறு ஊர்க்காரராக இருந்தால், எனக்கு வரலாறே தெரியாது என்று முடிவு செய்துவிடுவார் என்பது அவருடைய கணிப்பு.

சகோதரியின் விடை வேறு விதம். மொழியா, நிர்வாக வசதியா, மக்கள் விருப்பமா என்று மூன்று அளவுகோல்களை முதலில் வைத்து, திருத்தணியையும் குமரியையும் தேவிகுளத்தையும் அவற்றால் அளந்திருக்கிறார். நான் எழுதிய எல்லா நிகழ்ச்சிகளும் அதில் இல்லை, பாதிதான் இருக்கும். கேட்கக் கேட்க, என்னுடையது சொத்து விவரம், அவருடையதுதான் வாதம் என்று தோன்றியது. தம்பி ஆணையத்திலிருந்து தொடங்கி 1956 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தையும் நவம்பர் 1இல் அது நடைமுறைக்கு வந்ததையும் சொல்லி நேர்கோட்டில் போயிருக்கிறார். டீச்சர் ஓர் எல்லை வரைபடம் போட்டிருக்கிறார். வரைபடத்துக்கு மதிப்பெண் உண்டா என்று வினாத்தாளில் ஒரு சொல் இல்லை. இருந்தாலும் அது கண்ணில் படும், பக்கத்தையும் நிரப்பும்.

62லிருந்து 58க்கு இறங்கியிருக்கிறேன்.

ஜனவரி 9

தம்பி கேட்டதால் சொல்கிறேன்: கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பது. அதனால் ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை 825. தேர்வுக்கு இது உதவாது.

பிப்ரவரி 18

முடிவு வந்துவிட்டது. எனக்கு 75க்கு 46.

பிப்ரவரி 19

நேற்று மேற்கொண்டு எழுதாமல் விட்டது நல்லதாயிற்று. எழுதியிருந்தால் அந்தப் பத்திரத்துக்குப் பிழைத்திருத்தல் போட முடியாது.

செவிலியர் சகோதரி 58, டீச்சர் 55, தம்பி 51. மூன்றரைப் பக்கக்காரர் ஏழு பக்கக்காரனை ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தில் தாண்டியிருக்கிறார். தேர்ச்சிக்கு 38 போதும் என்பதால் பயம் ஒன்றுமில்லை. ஆனால் 62 என்று அத்தனை உறுதியாகச் சொன்னேனே, அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதுதான் விளங்கவில்லை.

பக்கத்தைத்தான் எண்ணுகிறார்கள் என்று டிசம்பர் 14 அன்று எழுதியதைத் திரும்பப் பெறலாமா என்று யோசித்தேன். டீச்சர் அவசரப்பட வேண்டாம் என்கிறார். நால்வரில் அதிகம் எழுதியவர்களை வரிசைப்படுத்தினால் நான், சகோதரி, டீச்சர், தம்பி. மதிப்பெண் வரிசையில் என்னை மட்டும் தலையிலிருந்து எடுத்து வாலில் வைத்தால் போதும், மற்ற மூவரும் பக்க வரிசையிலேயே நிற்கிறார்கள். ஆகவே மூத்தவர்கள் சொன்ன விதி உண்மையாகவும் இருக்கலாம், நான் ஒருவனே அதற்கு விலக்காகவும் இருக்கலாம் என்பது அவர் வாதம். நான்கு பேரை வைத்து விதி செய்வது வரலாற்று மாணவருக்கு அழகா என்று கேட்டேன். நான்கு கல்வெட்டுகளை வைத்து ஓர் அரச மரபையே எழுதுகிறார்களே என்றார்.

பிப்ரவரி 22

விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். கேட்டால் கொடுப்பார்களா என்று தம்பி ஐயப்படுகிறார். தேர்வு எழுதியவர் தம் திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிமை உடையவர் என்று 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. திருத்தியவர் யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள், அதுவும் நியாயந்தான். எங்கள் பல்கலைக்கழகத்திலேயே கட்டணம் கட்டி நகல் பெறும் வழி இருப்பதால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டும் வேலை மிச்சம்.

வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் எவருக்கும் கிரையம் எழுதிக் கொடுப்பதில்லை என்று இருபது ஆண்டுகளாக வாய் கிழியச் சொல்லி வருகிறேன். என் விடையைப் பற்றி மட்டும் மூலத்தைப் பார்க்காமலே இரண்டு மாதத்துக்கு மேல் பேசியிருக்கிறேன்.

மார்ச் 14

நகல் வந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து படித்தேன்.

மருது சகோதரர்களின் பிரகடனம்: ‘1801 ஜூலை 16’ என்று எழுதியிருக்கிறேன். ஜூன் என்று எழுதினேன் என டிசம்பரில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அதற்கு முந்தைய பக்கத்தில் வேலூர்ப் புரட்சிக்கு 1806 ஜூலை 10 என்று எழுதியிருக்கிறேன்; அந்த ஜூலை இங்கே வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. திருத்துநர் ‘ஜூலை’யின் கீழ் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். ஆனாலும் அந்த விடைக்குப் பத்துக்கு ஏழு கொடுத்திருக்கிறார். சாதி பார்க்காமல் எல்லோரையும் ஒன்று சேரச் சொன்ன அறிக்கை அது என்பதையும், திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது என்பதையும், மருதிருவர் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதையும் எழுதிய இடங்களில் சரிக்குறி இருக்கிறது. ஒரு மாதம் தவறியதற்காக அவர் என்னைத் தண்டிக்கவில்லை. நான் அவராக இருந்திருந்தால் தண்டித்திருப்பேன்.

ஃபசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர்: மூவரும் விடைத்தாளில் எங்குமே இல்லை. ஒருவர்கூட இல்லை. இதை மூன்று முறை புரட்டிப் பார்த்தேன். 1953 டிசம்பரில் ஆணையம் அமைந்தது என்பதுகூட இல்லை. நினைவிலோ இன்றும் அந்தப் பெயர்களை இடப்பக்கத்தின் நடுவில், நீல மையில், கொஞ்சம் சாய்வாக எழுதியது தெரிகிறது. தேர்வுக்கு முந்தைய இரவு குறிப்பேட்டில் எழுதிப் பார்த்திருக்கிறேன், அதுதான் இது. குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன், இடப்பக்கத்தின் நடுவில்தான் இருக்கிறது. ஆணையமே இல்லாமல் மாநில எல்லைகள் உருவான கதையை ஐந்து பக்கம் எழுதிய எனக்கு ஆறு மதிப்பெண் கொடுத்தவரை இனி குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கொல்லம் 1132ஐச் சுற்றி ஒரு வட்டமும் அருகில் ஒரு கேள்விக்குறியும் இருக்கின்றன. சகோதரிக்குச் செய்தி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 15

நேற்று ரயத்துவாரியைப் பற்றி எழுதத் தெம்பில்லை. ஐந்துக்கு இரண்டு.

வினாவைச் சரியாகப் படித்தால், அது கேட்டது ரயத்துவாரி முறையின் இயல்புகளும் விளைவுகளும் மட்டுமே. முதல் இரண்டு பக்கத்தில் ரீடும் மன்றோவும் பாரமகாலும் இருக்கின்றன, அங்கே இரண்டு சரிக்குறிகள். மூன்றாம் பக்கத்திலிருந்து ஏழாம் பக்கம் வரை சிவப்பு மையே இல்லை. வரி மிகையாக இருந்தது, பணமாகவே கட்ட வேண்டியிருந்தது, விளையாத ஆண்டிலும் தள்ளுபடி அதிகாரியின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது, அதனால் ரயத்து கடன்காரனிடம் சிக்கினான் என்பவற்றில் ஒன்றுகூட நான் எழுதவில்லை. இவை எனக்குத் தெரியாதவை அல்ல. தெரிந்ததால்தான் வந்த வினை: என் மேசையில் அன்றாடம் புழங்கும் பட்டாவைப் பற்றி எழுதும் உற்சாகத்தில், அந்தப் பட்டாவுக்குரிய விவசாயியை மறந்துவிட்டேன். ஐந்து பக்கத்தைத் திருத்துநர் தொடக்கூட இல்லை என்பதால், அவர் பக்கத்தை எண்ணுகிறவர் அல்லர் என்பது மட்டும் என் வரையில் உறுதி. டிசம்பர் 14 குறிப்பின் அந்த வரியை இதனால் திருத்துகிறேன். அவருக்குச் சொந்த நிலம் இல்லை என்று சொன்னதையும் சேர்த்துத்தான்.

நீதிக்கட்சி வினாவில் ஐந்து. ‘மதிப்பிடுக’ என்பது வினாச்சொல், இதில் தமிழும் ஆங்கிலமும் ஒத்துப்போகின்றன. நான் எழுதியது பாராட்டுப் பத்திரம்: 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை, வகுப்புவாரி ஆணை, அறநிலையச் சட்டம், 1926இல் ஆந்திரப் பல்கலைக்கழகம். சொத்துள்ளவருக்கே வாக்கு இருந்த காலத்தில் வென்ற கட்சி அது என்பதையோ, 1921இன் பின்னி ஆலை வேலைநிறுத்தத்தையொட்டிப் புளியந்தோப்பில் நடந்த கலவரத்துக்குப் பிறகு ஒடுக்கப்பட்டோர் தலைவர் எம்.சி. ராஜா கட்சியை விட்டு விலகியதையோ, 1937 தேர்தலில் கட்சி ஏன் அப்படிச் சரிந்தது என்பதையோ எழுதவில்லை. கடைசி வரிக்குக் கீழே ஓரத்தில் ‘குறைகள்?’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார். மொத்த விடைத்தாளில் அவர் எழுதிய தமிழ்ச் சொல் அது ஒன்றுதான். தம்பி கேட்ட கேள்விக்குப் பதில்: படிக்கிறார்கள். இந்த ஒருவராவது படித்திருக்கிறார்.

மார்ச் 16

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். அப்பாவின் விடைத்தாளைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கி, மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தாள். பகுதி அ 15. பகுதி ஆ-வில் ரயத்துவாரி 2, வேதாரண்யம் 4, வேலூர் 3, தேவதாசி ஒழிப்பு 3, வகுப்புவாரி ஆணை 4, ஆக 16. பகுதி இ-யில் 7, 5, 6, ஆக 18. மொத்தம் 49. முதல் பக்கக் கட்டத்தில் 46 என்று இருக்கிறது.

பதினான்காம் வினாவுக்கு உள்ளே 3 என்று போட்டிருக்கிறது, முதல் பக்கத்தில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. உள்ளேயுள்ள எண்ணை முகப்புக்கு எடுத்தெழுத விட்டிருக்கிறார்கள். இரண்டு இரவுகள் அந்தத் தாளை வரி வரியாகப் படித்த நான், தேவதாசி ஒழிப்பு விடையில் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்த்தேனே தவிர, கூட்டலைப் பார்க்கவில்லை. தொகையை எண்ணாலும் எழுத்தாலும் இருமுறை எழுதிச் சரிபார்க்காமல் எந்தப் பத்திரத்தையும் மேசையை விட்டு நகர்த்தாதவன் நான்.

மகளுக்குப் புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மறுகூட்டலுக்கு விண்ணப்பம் நாளை.

மார்ச் 17

தம்பி தம் நகலையும் கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். டீச்சர் வேண்டாம் என்கிறார். அவர் போட்ட வரைபடத்துக்கு மதிப்பெண் இல்லை என்று தெரிந்துவிட்டால் மனம் கஷ்டப்படும் என்பது அவர் சொன்ன காரணம்.

ஏப்ரல் 20

திருத்திய மதிப்பெண் பட்டியல் வந்தது. புறத்தேர்வு 49, அகமதிப்பீடு 20, மொத்தம் 69. எங்கள் தரவரிசையில் 70 இருந்தால் ‘ஏ பிளஸ்’, 69க்கு ‘ஏ’. அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக மறுமதிப்பீடு கேட்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டால் வேறொருவர் திருத்துவார். அவர் அந்த ஜூலையைப் பார்ப்பார். ஆணையம் இல்லாத எல்லை விடையையும் பார்ப்பார். கொல்லம் ஆண்டுக்கு அவர் வெறும் கேள்விக்குறியோடு விடுவார் என்பதற்கு என்ன உறுதி? கேட்கவில்லை.

தம்பியின் நகலும் வந்திருக்கிறது. எல்லை வினாவில் அவருக்கு ஏழு, ஆணையத்தின் மூன்று உறுப்பினர் பெயர்களுக்கும் சரிக்குறி. அவர் எழுதியது மூன்றரைப் பக்கமன்று, நாலே முக்கால் பக்கம்.